பெயரும் காரணமும்

நுழையும்முன்

பலர் கூடிச் செய்யும் வேலையில் யார், எதை, எப்போது, ஏன் மாற்றினார் என்பதைச் சொல்ல ஒரு பொது ஏடு வேண்டும். மென்பொருள் உருவாக்கத்தில் அத்தகைய ஏட்டின் அருமையைத் தம் தவற்றின் வழியே உணர்ந்த வடசென்னைப் பொறியாளர் ஒருவரின் தன்னனுபவக் கட்டுரை இது.

வரைபட அறை

என் தந்தை திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலையின் வரைபட அறையில் முப்பது ஆண்டுகள் பணியாற்றினார். மாலையில் அவர் வீடு திரும்பும்போது சட்டையில் அம்மோனியா நெடி வீசும். வரைபடங்களைப் படியெடுக்கும் தாளிலிருந்து ஒட்டிக்கொண்ட நெடி அது. மூல வரைபடம் இரும்பு அலமாரியை விட்டு வெளியே போகாது. பட்டறைகளுக்குப் படிகளே செல்லும். ஓர் உறுப்பின் அளவு மாறினால் மூலத்தைத் திருத்துவார்கள். அதன் ஓரத்துக் கட்டத்தில் திருத்த எண், நாள், காரணம், திருத்தியவர் பெயர் ஆகியவற்றை எழுதுவார்கள். பழைய படியைத் திருப்பிக் கொடுத்தால்தான் பட்டறைக்குப் புதிய படி கிடைக்கும்.

"பழைய தாளை வைத்துக்கொண்டு வேலை செய்தால், எவ்வளவு கைத்திறன் இருந்தாலும் பொருள் வீண்தான்" என்பார் அப்பா. அந்தச் சொல் என் தொழிலுக்கும் பொருந்தும் என்று அப்போது நான் அறியவில்லை.

களஞ்சியம் என்னும் ஏற்பாடு

2006ஆம் ஆண்டில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். கண்டெய்னர் எனப்படும் சரக்குப் பெட்டகங்களைச் சேமிக்கும் முனையங்களுக்கு நாங்கள் நிரல் எழுதினோம். எட்டுப் பேர் ஒரே கோப்புகளைத் திருத்தும் வேலை அது. ஒருவர் எழுதியதன்மேல் மற்றவர் எழுதிவிட்டால் முன்னவரின் உழைப்பு மறைந்துபோகும். இதைத் தடுக்கும் ஏற்பாடே பதிப்புக் கட்டுப்பாடு.

இதன் வரலாறு நீண்டது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்ட் என்பவர், கோப்புகளின் திருத்தங்களைச் சேமித்து வைக்கும் மென்பொருளை உருவாக்கினார். நாங்கள் பயன்படுத்திய சப்வெர்ஷன் 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று, 2004இல் முதல் முழுப் பதிப்பாக வெளிவந்தது.

அது செயல்படும் முறை எளிது. சேவையகம் ஒன்றில் மூலக் களஞ்சியம் இருக்கும். ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரு பணிப்படியை எடுத்துத் தம் கணினியில் திருத்துவர். திருத்தியதைக் களஞ்சியத்தில் சேர்ப்பதை 'கமிட்' என்பர். ஒவ்வொரு சேர்ப்புக்கும் ஒரு வரிசை எண் கிடைக்கும். பெயரும் நேரமும் தாமே பதிவாகும். காரணத்தை மட்டும் நாம் எழுத வேண்டும். நாம் திருத்திக்கொண்டிருக்கும்போதே வேறொருவர் அக்கோப்பை மாற்றியிருந்தால், களஞ்சியம் நம் சேர்ப்பை ஏற்காது. அவர் மாற்றத்தை முதலில் பெற்று, இரண்டையும் ஒப்பிட்டு இணைத்த பின்னரே சேர்க்க முடியும்.

இது நிறுவனங்களுக்கு மட்டும் உரிய ஏற்பாடன்று. கேடிஇ என்னும் கட்டற்ற மென்பொருள் திட்டம் 2005இல் சப்வெர்ஷனுக்கு மாறியது. பின்னாளில் அதன் நிரல்கள் வேறு முறைக்குச் சென்றுவிட்டன. தமிழ் உள்ளிட்ட மொழிபெயர்ப்புகளோ இன்றும் சப்வெர்ஷன் களஞ்சியத்திலேயே வாழ்கின்றன. கணினித் திரையில் தமிழ்ச் சொற்கள் தோன்றுவதற்குப் பின்னால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராத தன்னார்வலர்களின் திருத்தங்கள் வரிசையாக நிற்கின்றன.

ஓர் இரவு

சரக்குப் பெட்டகத்தின் எண்ணில் நான்கு எழுத்துகளும் ஆறு இலக்கங்களும் இருக்கும். இறுதியில் சரிபார்ப்பு இலக்கம் ஒன்று வரும். முன்னுள்ள பத்துக் குறிகளையும் வைத்துக் கணக்கிட்டு, 11ஆல் வகுத்தால் கிடைக்கும் மீதியே அந்த இலக்கம். மீதி 10 என வந்தால் ஓர் இலக்கத்தில் அடங்காது; அப்போது 0 எனக் கொள்ள வேண்டும். எங்கள் நிரலில் இந்த விதி விடுபட்டிருந்ததை உடன்பணியாற்றிய தோழி ஒருவர் கண்டறிந்து சரிசெய்தார்.

அதே கோப்பில் நானும் வேறொரு திருத்தம் செய்திருந்தேன். அன்று மாலை என் சேர்ப்பைக் களஞ்சியம் ஏற்கவில்லை. இருவர் திருத்தங்களும் முரண்படுவதாகக் காட்டியது. வீடு திரும்பும் அவசரத்தில், ஒப்பிட்டுப் பார்க்காமல், "என் கோப்பே இருக்கட்டும்" என்று தேர்ந்துவிட்டேன். காரணம் எழுதும் இடத்தையும் வெறுமையாக விட்டேன். பின்பு அந்நிரலை முனையத்திற்கு அனுப்பினார்கள்.

நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தது. மீதி 10 வரும் பெட்டகங்களை வாயிற்கணினி தவறான எண் என்று மறுத்திருந்தது. எண்ணூர் விரைவுச்சாலையில் லாரிகள் நீண்ட வரிசையில் நின்றன. ஓட்டுநர்களுக்கு ஓர் இரவின் உறக்கமும், அடுத்த நடையின் வருமானமும் போயிற்று.

"வாயிற்பகுதியை எழுதியவர் அவர்தான்" என்று தலைமைப் பொறியாளரிடம் தோழியின் பெயரைச் சொன்னேன். அது பொய் என்று அப்போது எனக்குத் தெரியாது. மெய்தானா என்று நான் பார்க்கவும் இல்லை.

"தம்பி, ஏட்டைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்" என்றார் அவர்.

பழியா? பாராட்டா?

ஒரு கோப்பின் ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியவர் யார் என்று காட்டும் கட்டளை ஒன்று சப்வெர்ஷனில் உண்டு. அதன் பெயர் 'பிளேம்'. பழித்தல் என்று பொருள். அதே கட்டளைக்குப் 'பிரெய்ஸ்', அதாவது பாராட்டு, என்று மற்றொரு பெயரும் உண்டு. எந்தப் பெயரால் அழைத்தாலும் விடை ஒன்றே.

திரையில் தோழியின் திருத்தம் நாளுடனும் காரணத்துடனும் தெளிவாக இருந்தது. அதற்கு அடுத்த வரிசை எண்ணில் அதை நீக்கியவன் நான். என் பெயருக்கு எதிரே காரணம் இல்லை. பழைய பதிப்பு பத்திரமாக இருந்ததால் சில நிமிடங்களில் நிரலை மீட்டோம். தோழியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த ஏடு மட்டும் இல்லையெனில் பழி அவர்மீது நின்றிருக்கும். நானும் அதை நம்பியிருப்பேன்.

ஒரே இடத்தின் குறை

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இம்முறையின் குறையையும் கண்டேன். மின்சாரமின்றிச் சேவையகம் நின்றது. ஒவ்வொருவரிடமும் பணிப்படி இருந்தும், வரலாறு முழுவதும் அந்த ஒரே பெட்டிக்குள் அடைபட்டுக் கிடந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்னும் முறையில் முழு வரலாறும் ஒவ்வொருவர் கணினியிலும் இருக்கும். பின்னர் நாங்களும் பழைய பதிவுகளோடு அதற்கு மாறினோம். ஆயினும் அனைவரும் ஏற்கும் பொதுக் களஞ்சியம் ஒன்றை நடுவில் வைத்துக்கொண்டோம். படிகள் பலவாகலாம், இதுவே நம் பொதுப்படி என்னும் உடன்பாடு ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

பணி ஓய்வுபெற்ற அப்பாவிடம் ஒருநாள் அந்தத் திருத்தப் பட்டியலைக் காட்டினேன். எண், நாள், பெயர், காரணம் என ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். "இது எங்கள் வரைபட ஓரத்துக் கட்டந்தானே!" என்று மகிழ்ந்தார். கீழிறங்கிய விரல் ஓரிடத்தில் நின்றது.

"உன் பெயர் இருக்கிறது. காரணத்தை ஏன் எழுதவில்லை?"

அந்த இரவின் கதையை அன்றுதான் அவரிடம் சொன்னேன். அந்த வெற்றிடம் இன்றும் எங்கள் களஞ்சியத்தில் அப்படியே இருக்கிறது. புதிதாகப் பணியில் சேர்வோருக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான்.