முதலாளி இல்லாத இடத்தில்

தம்பி, பாலிசி ஆவணம் என்றாலே உனக்குக் கொட்டாவி வருகிறது. கோடு எழுதுகிறவனுக்குச் சட்டப் புத்தகம் எதற்கு என்கிறாய். சம்பளம் கொடுத்து வேலை வாங்க மேலாளர் இருக்கும் ஆபீசில் அந்தக் கேள்வி ஓரளவு செல்லும். டெபியனில் செல்லாது.

1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய லினக்ஸ் இயங்குதளத் திட்டம் அது. நாடு நாடாகச் சிதறிக் கிடக்கும் தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில பேக்கேஜ்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். பலர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்கள் தனித்தனியே கட்டிய பல்லாயிரம் பேக்கேஜ்களும் ஒரே கணினியில் முட்டிக்கொள்ளாமல் ஓட வேண்டும். உத்தரவு போட முதலாளி கிடையாது. டெபியன் பாலிசி கையேடுதான் உண்டு.

அதில் ஒரு விதியை மட்டும் பார். கான்ஃபிக் கோப்பில் பயனர் செய்த மாற்றத்தை அப்கிரேட் அழிக்கக்கூடாது. இதை எழுதிவைக்காமல் அவரவர் பொறுப்புக்கு விட்டிருந்தால்? ஒருவர் மதிப்பார், இன்னொருவர் பழைய கோப்பின் மேலேயே புதியதை எழுதிவிடுவார். ராத்திரி அப்கிரேட் செய்த சர்வர் நிர்வாகி, காலையில் மெயில் போகவில்லை என்ற புகாரோடுதான் கண்விழிப்பார்.

நேற்றுச் சேர்ந்த பையன்கூட, பழுத்த அனுபவசாலியின் பேக்கேஜில் இந்தத் தப்பைக் கண்டால் பக் போடலாம். 'நீ யார் என்னைக் கேட்க' என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டாய விதியை மீறிய பக் என்பதால், சரிசெய்யாவிட்டால் பொதுவாக அந்தப் பேக்கேஜ் அடுத்த ஸ்டேபிள் வெளியீட்டில் சேராது. பாலிசியின் முதல் பயன் எனக்கு இதுதான்: சின்னவனுக்கும் அங்கே பேச ஒரு பிடி கிடைக்கிறது.

அதற்காக அதைத் தடியாகத் தூக்காதே. கட்டாயம் எது, பரிந்துரை எது என்று கையேடே பிரித்து வைத்திருக்கிறது. விதிகளும் வானத்திலிருந்து விழுவதில்லை. பெரும்பாலும் நடைமுறையில் தேறிய வழக்கம்தான், மற்ற டெவலப்பர்கள் வழிமொழிந்த பிறகு, ஏட்டில் ஏறுகிறது.

சில விதிகள் அடிபட்டு வந்தவை. டெபியனுக்கு வெளியே, லினக்ஸ் கெர்னலைப் பார். 2003-இல் லினக்ஸ் தொடர்பாக ஐபிஎம் மீது எஸ்சிஓ நிறுவனம் வழக்குப் போட்டது. கெர்னலில் எந்தக் கோடு யாரிடமிருந்து வந்தது என்ற கேள்வி கிளம்பியது. 2004-இல் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார்: இதைக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதி சொல்லி, பேட்ச் அனுப்புகிறவர் தன் பெயரிட்டு ஒரு வரி சேர்க்க வேண்டும்.

உன் பேட்ச் திரும்பி வந்தது அந்த வரி இல்லாததால்தான். கிட் கமிட்டில் 'மைனஸ் எஸ்' கொடுத்தால் தானாகச் சேர்ந்துவிடும். என்ன உறுதி கொடுக்கிறாய் என்று படித்துவிட்டுக் கொடு.