அம்மாவும் இரண்டு லிட்டரும்

நாளை அம்மாவுக்குக் கொலனோஸ்கோபி. இன்று முழுக்கத் தெளிந்த ரசம், பால் சேர்க்காத டீ, அவ்வளவுதான்.

போன தடவை குடலைச் சுத்தம் செய்யும் பெக்லெக் கரைசல் 2 லிட்டரையும் ராத்திரியே குடிக்க வைத்தோம். பாதியிலேயே வாந்தி. பாவம், துவண்டு போனார். இம்முறை டாக்டர் பிரித்துக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்: இரவு 1 லிட்டர், விடியற்காலை 1 லிட்டர். ஃபிரிட்ஜில் குளிரவைத்து, கால் மணிக்கொரு டம்ளர். மூக்கைச் சுளித்தபடியே குடிக்கிறார், குமட்டல் இல்லை.

இதே வேலைக்குச் சின்ன பாட்டிலில் வரும் சோடியம் பாஸ்பேட் குடிக்கச் சுலபம்தான். ஆனால் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். அம்மாவுக்கு ஏற்கெனவே கிரியாட்டினின் கூடுதல். அதனால் வேண்டவே வேண்டாம்.

மருந்து எழுதும்போதே சிறுநீரகம், இதயம், சர்க்கரை மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.