பொறியும் மதியும்

நெல்லைக் குதிரில் சேர்த்து வைக்கலாம். நீரை ஏரியில் தேக்கி வைக்கலாம். மின்னாற்றலைப் பேரளவில் சேமித்து வைத்தலோ இன்றும் அரிய செயலாகவே உள்ளது. மக்கள் எவ்வளவு மின்சாரம் வேண்டுகின்றனரோ, அவ்வளவும் அந்நொடியிலேயே மின் நிலையங்களில் பிறத்தல் வேண்டும். ஆக்கம் குறையின் மின்னோட்டத்தின் அதிர்வெண் தாழும், மிகின் உயரும். இந்தியாவில் அது 50 ஹெர்ட்சை ஒட்டியே நிற்றல் வேண்டும். பெரிதும் பிறழின் நாட்டில் இருள் சூழவும் கூடும். ஆதலின், நாளைய தேவையை இன்றே கணித்தல் மின்துறையாரின் தலையாய கடமை ஆயிற்று.

இக்கடமையில் துணைபுரிய வந்ததே செயற்கை நரம்பணு வலை. மூளையின் நரம்பணுக்களை முன்மாதிரியாகக் கொண்டு எழுந்த கணித அமைப்பு அது. 1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழக அறிஞர்கள் அதனைக் கொண்டு மின்தேவையைக் கணித்துக் காட்டினர். நேரம், வெப்பநிலை, முன்னாளைய தேவை போன்றவற்றை வலை ஏற்கிறது. ஒவ்வொன்றிற்கும் ஓர் எடை தந்து, கூட்டி, விடை பகர்கிறது. அவ்விடையை உண்மை அளவோடு ஒப்பிட்டு, வேறுபாட்டிற்கு ஏற்ப எடைகள் திருத்தப்படுகின்றன. இவ்வாறு பல்லாயிரம் முறை திருத்தம் பெற்றபின் அதன் கணிப்பு உண்மையை நெருங்குகிறது. தவறு செய்து, தவறுணர்ந்து, திருந்திக் கற்கும் மாணாக்கனைப் போன்றது அவ்வலை.

முன்னறியும் வலை காவலனாகவும் அமைகிறது. கணித்த அளவுக்கும் மின்னளவி காட்டும் அளவுக்கும் பெரும் வேறுபாடு தோன்றின், அது எச்சரிக்கை தரும். பழுதுற்ற அளவி சுழியத்தைக் காட்டலாம். செய்தி வரும் வழி அறுந்து, பழைய எண்ணே மீண்டும் மீண்டும் வரலாம். அத்தகைய பொய் எண்களை நீக்காமல் கற்பித்தால், வலையும் பொய்யையே கற்கும். ஆயின், விந்தையான எண்கள் யாவும் பொய்தாமோ?

2020-ஆம் ஆண்டு கொரோனா நோயால் நாடு ஊரடங்கில் இருந்தது. ஏப்ரல் 5, ஞாயிறு இரவு 9 மணிக்கு 9 நிமிடம் வீட்டு மின்விளக்குகளை அணைத்து, அகல் ஏற்றுமாறு பிரதமர் நரேந்திர மோடி இரு நாள் முன்னர் வேண்டினார். மின்தேவை 12,000 முதல் 13,000 மெகாவாட் வரை குறையலாம் என மின்துறையார் கணித்தனர். குறைந்ததோ ஏறத்தாழ 31,000 மெகாவாட்! நீர்மின் நிலையங்களின் ஆக்கத்தை விரைந்து தாழ்த்தியும், விளக்குகள் மீண்டும் எரிந்தபோது உயர்த்தியும் பொறிஞர்கள் மின்தொடரைக் காத்தனர்.

பழைய நாள்களை மட்டும் கற்ற வலை அவ்வீழ்ச்சியைக் கண்டிருப்பின், பிழையென்றே குறித்திருக்கும். அவ்வெண்ணோ பிழையன்று, கோடிக்கணக்கான கைகள் ஒரே வேளையில் விளக்கணைத்த உண்மை. அதனை அழித்தல், நடந்ததை நடவாததாக்குதல் ஆகும். வழக்கமான ஞாயிறு எனக் கற்பித்தலோ, பின்வரும் ஞாயிறுகளின் கணிப்பைக் கெடுக்கும். அந்நாளின் காரணத்தை அறிந்து, அதனைத் தனிநாள் எனக் குறித்து வைத்தலே முறை.

வேறுபாட்டைச் சுட்டுதல் பொறியின் பணி. அதன் காரணத்தைத் தேடித் தெளிதல் மனிதரின் பணி. எதிர்பாராததை எல்லாம் பொய்யென ஒதுக்குபவர், என்றேனும் ஒருநாள் மெய்யையும் ஒதுக்கிவிடுவர்.