கழுகு பாடத் தகாத பறவையா?

என்னை இயற்கைக் கவிஞன் என்று சொல்கிறார்கள். ஏரி, மடையான், கானாங்கோழி, நண்டு, நத்தை, பனைமரம் எல்லாம் என் எழுத்தில் வருவதால் அந்தப் பேர். கூட்டங்களில் அறிமுகம் செய்கிறவர்கள் 'கிராமத்து இயற்கையை அழகாகப் படம்பிடிக்கிறவர்' என்கிறார்கள். அந்த அழகு என்கிற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. எங்க ஆயா மடையானைப் பார்த்து ஒருநாளும் அழகு என்று சொன்னதில்லை. "மடையான் நிக்குது பாரு, அங்க தண்ணி ஆழமிருக்காது, எறங்கி நண்டு புடி" என்று சொல்லும். கூலி இல்லாத மழைமாசத்தில் நண்டும் நத்தையும்தான் எங்கள் அடுப்பில் வெந்தன. பறவையை நாங்கள் பார்த்தது வயிற்றிலிருந்து பார்த்த பார்வை. அதற்கும் ஒரு அழகியல் உண்டு. ஆனால் பாடப்புத்தகத்தில் வந்ததெல்லாம் குயிலும் மயிலும் கிளியும்தான்.

பறவையிலும் சாதி பார்க்கிற நாடு இது. செம்பருந்து வானத்தில் வட்டமடித்தால் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள். வெள்ளைக்காரன் அதற்கு வைத்த பேரே 'பிராமினி கைட்'. அதுவும் செத்த மீனைத்தான் பொறுக்கித் தின்கிறது. யாரும் அதைத் தீட்டு என்பதில்லை. திருக்கழுக்குன்றம் மலைமேல் இரண்டு கழுகுகளுக்குத் தினமும் சர்க்கரைப் பொங்கல் வைத்தார்கள். சாபம் வாங்கிய முனிவர்கள் என்று கதை. அவை மஞ்சள்முகப் பாறுகள். மலை இறங்கினால் குப்பையும் செத்ததும்தான் அவற்றுக்கும் தீனி. கோயில் தட்டில் தின்றால் முனிவர், சேரி ஓரத்தில் தின்றால் பிணந்தின்னி!

சங்கப் பாட்டில் பாறும் எருவையும் வருகின்றன. போர்க்களத்துப் பிணத்தைத் தின்ன வருகின்றன. மன்னன் வெட்டிப் போட்டதைத் தின்றால் அது வீரம் பாடும் பாட்டு. ஊரான் வீட்டில் செத்த மாட்டைத் தின்றால் அருவருப்பு. இதை எந்தத் தமிழாசிரியரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

எங்க தாத்தா செத்த மாடு தூக்கினவர். ஊர்த்தெருவில் மாடு செத்தால் விடியறதுக்குள் ஆள் வரும். பத்து வயசுப் பையன் வந்து "டேய், மாடு கெடக்குது வாடா" என்பான். எழுபது வயசுக் கிழவர் "தோ வரேன் ஆண்டே" என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போவார். நாலு பேர் கழியில் கட்டித் தூக்கிவந்து ஏரிக்கு அந்தாண்ட திடலில் போடுவார்கள். தாத்தா கத்தியை எடுக்கும்போதே பனைமரங்களில் கழுகுகள் வந்து உட்கார்ந்துவிடும். முப்பது, நாப்பது இருக்கும். கிட்ட வராது, காத்திருக்கும்.

"அதுக்கு மாட்டுத்தோலக் கிழிக்க மூக்கு பத்தாதுடா. நான் உரிச்சிக் குடுத்தாதான் சுளுவா உள்ள பூரும்" என்பார் தாத்தா. அதன் தலை ஏன் மொட்டை என்று கேட்டதற்கு, "மயிரு இருந்தா ரத்தம் ஒட்டி நாறிப்பூடாதா?" என்றார். பின்னாளில் பறவைப் புத்தகங்களில் இந்த இரண்டையும் படித்தேன். தாத்தா பேர் அதில் இல்லை. நல்ல கறியாக இருந்தால் எங்களுக்கும் ஒரு பங்கு வரும், உப்புக்கண்டம் போடுவோம். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியவர்கள் தங்கள் வீட்டு மாட்டைத் தாங்களே தொடாதவர்கள். தாத்தா வேலை முடித்து நகர்ந்தால் கழுகுகள் இறங்கும். பொழுது சாய்வதற்குள் எலும்புதான் மிச்சம். ஊருக்கு நாற்றமில்லை, நோயில்லை. அந்தச் சுத்தத்தைச் செய்த ரெண்டு பேருக்கும், மனுசனுக்கும் பறவைக்கும், அசுத்தம் என்று பேர்.

செத்த மாட்டுக் கறியை விடுங்கள் என்று 1927இல் மகாத் மாநாட்டில் அம்பேத்கர் சொன்னார். அது எங்கள் காலனிக்கு வந்து சேர அறுபது வருஷம் ஆனது. 1986இல், நான் பள்ளிக்கூடம் படிக்கையில், காலனி இளைஞர்கள் கூடி இனி மாடு தூக்குவதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஊர் கட்டுப்பாடு போட்டது. நடவுக்குக் கூப்பிடவில்லை. கடையில் சாமான் கொடுக்கவில்லை. எங்கள் ஆடுமாடு ஏரிக்கரையில் மேயக் கூடாது என்றார்கள். மூணு மாசம் நண்டும் கீரையும் வயல் எலியும்தான் எங்களைக் காப்பாற்றின. தாத்தா கத்தியைக் கூரையில் செருகினார். அப்புறம் எடுக்கவேயில்லை. ஊரான் டிராக்டரில் கயிறு கட்டி மாட்டை இழுத்துவந்து போட ஆரம்பித்தான்.

1990களின் நடுவில் பனைமரங்கள் காலியாகிவிட்டன. செத்த மாடு திடலில் கிடந்து உப்பியது. நாய்கள் பெருகின. டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்: "இவனுங்க மாடு தூக்க மாட்டேன்னானுங்க, கழுகும் பூடுச்சி." கழுகு போனதுக்கும் நாங்கதான் காரணமாம். தாத்தா அதைக் கேட்டுவிட்டு வந்து நாலுநாள் பேசவில்லை. நாங்கள் நிறுத்தின பிறகும் ஏழெட்டு வருஷம் அந்தப் பனைகளில் கழுகு இருந்தது. அதைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லோரும் உண்டு. சொன்னவர் ஒருவரும் இல்லை. அந்தப் பழியோடுதான் தாத்தா செத்தார்.

காரணம் 2004இல் தெரிந்தது. பாகிஸ்தானில் செத்துக் கிடந்த கழுகுகளை அறுத்துப் பார்த்து ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். மாட்டுக்கு வலிக்கும் வீக்கத்துக்கும் போடுகிற டைக்ளோஃபினாக் ஊசி. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போதே மாடு செத்து, அதைத் தின்றால், கழுகின் சிறுநீரகம் கெட்டு சில நாளில் செத்துப்போகும். ஒரு மாட்டை நாப்பது கழுகு சேர்ந்து தின்னும் பழக்கம். வருஷத்துக்கு ஒரே முட்டை. அப்புறம் எப்படி மிஞ்சும்? வெண்முதுகுப் பாறு இந்தியாவில் நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்பதுக்கு மேல் அழிந்துவிட்டது. 2006இல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மனுசனுக்கான பெரிய புட்டியை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் அந்தப் புட்டியையும் 3 மில்லிக்குக் குறைத்தார்கள். 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் என்று இன்னும் இரண்டு மருந்துகளுக்குத் தடை வந்தது. இப்போது தமிழ்நாட்டில் பாறு கூடு கட்டி வாழ்கிற முக்கியமான இடம் நீலகிரிப் பக்கத்து மோயாறு பள்ளத்தாக்குதான்.

தாத்தாவையும் கழுகையும் வைத்து ஒரு கவிதை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினேன். 'இது இயற்கைக் கவிதையாக இல்லை, சாதிப் பிரச்சனை குறுக்கிடுகிறது' என்று திருப்பி அனுப்பினார்கள். குறுக்கிடுகிறதாம்! ஏரியில் எந்தத் துறையில் நான் இறங்கலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. எந்த உயிர் சாமி, எது பீடை என்பதையும் அதுதான் முடிவு செய்தது. அதை எடுத்துவிட்டு எழுதினால் வருவது காலண்டர் படம், என் ஏரி இல்லை.

இன்னொரு பக்கம் நம்ம தோழர்கள் சிலரும் கேட்கிறார்கள். செத்த மாட்டையும் கழுகையும் ஏன் மறுபடி கிளறுகிறாய், விட்டொழித்த இழிவை ஏன் அழகாக்குகிறாய் என்று. நியாயமான கேள்வி. நான் அந்த வேலையை அழகாக்கவில்லை. கத்தியைக் கூரையில் செருகினதுதான் தாத்தா செய்ததிலேயே பெரிய காரியம். ஆனால் கத்தியோடு அவர் அறிவையும் சேர்த்து ஏன் செருக வேண்டும்? எந்த நோயில் செத்த மாட்டைத் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரியும். எந்தக் காற்றில் கழுகு வரும் என்று தெரியும். அது வேலை வாங்கினவன் கொடுத்த அறிவில்லை. அவர் பார்த்துப் பார்த்துச் சேர்த்தது, நம்ம சொத்து.

ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மோயாற்றுப் பாறு பெருகி எங்கள் ஏரிப் பனைக்கும் திரும்பி வரவேண்டும். வந்தால், செத்த மாட்டை மாட்டுக்காரனே தன் கையால் திடலுக்கு இழுத்துவரட்டும்.