ஓட்டெருமையும் அம்மாவும் ஒரு டொராண்டோ போன்காலும்

மண்ணார்க்காடு பக்கமோ தொடுபுழா பக்கமோ வீடு இருக்கிறவங்களுக்கு முப்ளி வண்டுன்னு சொன்னாலே உடம்பு அரிக்கும். திருச்சூர் மாவட்டத்து முப்ளிங்கற இடத்தோட பேர்தான் அதுக்கு வந்துடுச்சு. நம்ம பக்கத்துல ஓட்டெருமை. அறிவியல் பேர் லூப்ராப்ஸ் டிரிஸ்டிஸ். ஒரு சென்டிமீட்டர்கூட இல்லாத கருப்பு வண்டு. கடிக்காது, கொட்டாது. ஆனா தெரியாம நசுக்கிட்டா ஒரு நாத்தமடிக்கிற திரவத்தைக் கக்கும். பட்ட இடம் எரிஞ்சு, கொப்புளிச்சு, கருத்துப்போகும்.

எல்லாம் ரப்பர் செய்த வேலை. டிசம்பர்ல இருந்து ரப்பர் இலை உதிரும். அந்தச் சருகுல தின்னு, முட்டையிட்டுப் பெருகும். கோடை மழை ஆரம்பிச்சதும் கூட்டமா வெளிச்சத்தைத் தேடி வீட்டுக்குள்ள வந்து, ஓட்டு இடுக்குல மாசக்கணக்கா உறங்கும். கோழிக்கோடு தேவகிரி கல்லூரியைச் சேர்ந்த சாபு தாமஸ் குழுவினர் 2008ல வெளியிட்ட ஆய்வுல ஒரு வீட்டுக்கு 5 லட்சத்துல இருந்து 40 லட்சத்துக்கும் மேலன்னு கணக்குச் சொல்றாங்க. லட்சம்தாங்க, தப்பாப் படிக்கலை!

அந்தத் திரவத்துல இருக்கிறது பென்சோகுவினோன் வகை ரசாயனங்கள். தரையில ஓடுற கராபிட் குடும்பத்துப் பீரங்கி வண்டும் இதே வகையறாவைத்தான் பயன்படுத்துது. அது வயித்துக்குள்ள ஹைட்ரோகுவினோனையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சேர்த்து வெச்சிருக்கும். ஆபத்து வந்தா பக்கத்து அறைக்குத் தள்ளி, நொதியோட கலந்து, சுமார் 100 டிகிரி சூட்டுல பீய்ச்சும். நம்ம ஓட்டெருமை வேற குடும்பம், வெடியெல்லாம் கிடையாது. ஆனா சமையல் சாமான் கிட்டத்தட்ட ஒண்ணு. எதிரி வாயில வெச்சா துப்பணும், அவ்வளவுதான் நோக்கம். மனுஷத் தோல் நடுவுல மாட்டிக்குது.

சரி, சொந்தக் கதைக்கு வர்றேன். மே மாசம் அம்மாவுக்குப் போன் பண்ணினா எனக்குக் காலை பத்தரை, அங்க ராத்திரி எட்டு. "லைட்டெல்லாம் அணைச்சுட்டு இருட்டுல உக்காந்திருக்கேன்டா"ன்னாங்க. எழுபத்திமூணு வயசு, முழங்கால் வலி, படி இருக்கிற பழைய ஓட்டு வீடு. வண்டை விட எனக்கு அந்த இருட்டுதான் பயம். தொடுபுழா சித்தி ரெண்டு வருஷம் பார்த்துட்டு வாடகை வீட்டுக்கே போயிட்டாங்க. அம்மாவையும் பாலக்காடு டவுன்ல ஒரு பிளாட்டுக்கு வரச் சொன்னேன்.

"அது மழைக்கு வந்துட்டு டிசம்பர்ல தானா தோட்டத்துக்குப் போயிடும். நீ எப்போ வர்றே?"ன்னாங்க. இதுக்கு என்ன பதில் சொல்றது, நீங்களே சொல்லுங்க.

கடைசில தம்பிகூடப் பேசி ஒரு ஏற்பாடு பண்ணினோம். முற்றத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பல்பு, அடியில சோப்புத்தண்ணி வெச்ச அகலப் பாத்திரம். வீட்டுக்குள்ள படிகிட்ட மட்டும் சின்ன மங்கல் விளக்கு. ஜன்னலுக்கு நெருக்கமான வலை. முழுசா நிக்கலை, ஆனா அம்மா இருட்டுல நடக்கறதில்லை.

ஊர்ல பெரியவங்க இருந்தா இதை மட்டும் சொல்லி வைங்க: கையால நசுக்க வேண்டாம், துடைப்பத்தால கூட்டுங்க. தோல்ல பட்டா உடனே சோப்புப் போட்டுக் கழுவணும். கண்ணுல பட்டா நல்லாத் தண்ணி விட்டு அலம்பிட்டு டாக்டர்கிட்ட போகணும். விளக்கு எரியற இடத்துல மண்ணெண்ணெய் தெளிக்கவே கூடாது.

டிசம்பருக்கு டிக்கெட் பார்த்துக்கிட்டு இருக்கேன். வண்டு கிளம்பற நேரம்.