மூன்று மணிக்கே இரவு

நவம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோமில் பிற்பகல் 3 மணி சுமாருக்கே சூரியன் மறைந்துவிடுகிறது. 14 தீவுகளின் மேல் பரந்து கிடக்கும் சுவீடன் தலைநகரில் பனி இன்னும் தரையில் தங்காத நேரம். இருட்டைக் குறைக்க அந்த வெண்மையும் இல்லை. முதல்முறை வரும் இந்தியருக்குக் குளிரைவிட இதுதான் கஷ்டம். குளிருக்காவது கம்பளிக் கோட்டு இருக்கிறது. போதாக்குறைக்கு, பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஆனால் மாலையில் தெருவில் நடந்தால், ஜன்னல்தோறும் விளக்கு. பல வீடுகளில் திரைகூட இழுத்துவிடுவதில்லை. டிசம்பர் நெருங்கியதும் காகித நட்சத்திரங்களும், முக்கோணமாக அடுக்கிய ஏழு மின்சார மெழுகுவர்த்திகளும் சேர்ந்துகொள்கின்றன. வாய் திறக்காத இந்த மனிதர்கள் விளக்கை மட்டும் வழிப்போக்கருக்குத் தெரியும்படி வைக்கிறார்கள். டிசம்பர் 13 லூசியா திருநாள். அன்று விடியுமுன்பே வெள்ளை அங்கி அணிந்த பெண்கள் பாடி வருவார்கள்; லூசியாவாக வருபவள் தலையில் மெழுகுவர்த்திக் கிரீடம். குங்குமப்பூ பன்னும் காபியும் உண்டு.