சீறி வந்த பயம்

தீபாவளி இரவில் திருமுல்கேரியில் பாட்டில் வாயிலிருந்து ராக்கெட் சீறிக் கிளம்பினால் தெரு நாய்கள் வண்டிகளுக்கு அடியில் ஓடிப் பதுங்குகின்றன. சிரிக்க வேண்டாம். ராணுவம் குடியிருக்கும் இந்தப் பகுதியின் பூர்வகதையிலும் ராக்கெட் சீறலுக்கு மிரண்ட ஓர் இரவு உண்டு.

1798ல் நிஜாம் செய்துகொண்ட ஒப்பந்தப்படி ஹைதராபாதில் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை நிலைகொண்டது. அதன் முகாம்தான் பிறகு செகந்திராபாத் கன்டோன்மென்ட் ஆனது. 1857 கிளர்ச்சிக்குப் பின் திருமுல்கேரியில் அகழி சூழ்ந்த அரணும் எழுந்தது. 1799ல் திப்பு சுல்தானை எதிர்த்து நிஜாமின் படையும் கம்பெனிப் படையும் ஸ்ரீரங்கப்பட்டணம் நோக்கி நடந்தன. நிஜாம் தரப்புப் படையுடன் சென்றவர் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற இளம் கர்னல். பின்னாளில் நெப்போலியனை வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன் பிரபு இவர்தான்.

மைசூர் ராக்கெட் என்பது மூங்கில் கழியில் கட்டிய இரும்புக் குழாய். ஐரோப்பாவில் அப்போது காகிதக் குழாய்தான். இரும்பு என்பதால் மருந்தைக் கெட்டித்து அடைக்கலாம். அது கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். குறிதான் சுமார். ஆனால் அந்தக் குறைதான் பயத்தின் மூலதனம். பீரங்கி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்தால் ஒதுங்கலாம். தரையில் பட்டு, எகிறி, ஊளையிட்டுக்கொண்டு திசை மாறும் நெருப்புக்கு எங்கே ஒதுங்குவது? முதலில் கலைந்தவை குதிரைகளும் பார வண்டி மாடுகளும்தான். காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் 1780ல் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது, அதன் வெடிமருந்து வண்டிகளைக் கொளுத்தியது ராக்கெட்தான் என்று எழுதியவர்கள் உண்டு.

ஏப்ரல் 5 இரவு சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்க வெல்லெஸ்லி நுழைந்தார். கும்மிருட்டு. துப்பாக்கிச் சூட்டோடு ராக்கெட்டுகள் சீறி வந்தன. வரிசை சிதறியது, சிலர் சிறைப்பட்டனர். முழங்காலில் அடிபட்ட கர்னல் வழி தவறி அலைந்து, நள்ளிரவில் முகாம் திரும்பி தோல்வியைச் சொன்னார்.

மறுநாள் பகலில் அதே தோப்பு அதிகச் சிரமமின்றி வீழ்ந்தது. ராக்கெட்டுகள் அப்போதும் இருந்தன. கண்ணுக்குத் தெரிந்தன, அவ்வளவுதான்.

கவர்னர் ஜெனரலாக இருந்த அண்ணனுக்கு வெல்லெஸ்லி கடிதம் எழுதினார். பகலில் வேவு பார்க்காத இடத்தில், தயாராகக் காத்திருக்கும் எதிரியை இனி இரவில் தாக்கவிடுவதில்லை என்று அதில் உறுதி சொன்னார்.